தேசப்படத்துக்குத் தலை எது, கால் எது?

சென்ற மாதம் நாம் காயல்பட்டினத்துக்குப் போயிருந்தபோது ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சே இந்த வியாசத்தை எழுதும்படி செய்தது. அந்த வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பில் படிப்பவன், பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய இந்தியா தேசப்படத்தைச் சுவரில் மாட்டியிருந்தான். குமரிமுனை மேலே இருந்தது. இமயமலை கீழே இருந்தது. வேண்டுமென்று செய்தானோ, அவசரத்தில் செய்தானோ தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், கொழும்பில் பல வருஷம் கடை வைத்திருந்தவர், வந்து உட்கார்ந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, படத்தைத் தலைகீழா மாட்டி வச்சிருக்கியே?" என்றார்.

"எது மாமா தலை?" என்றான் பையன்.

"வடக்குதான் தலை. இமயமலை மேலே இருக்கணும். குமரி கால்மாடு."

"அப்போ நாமெல்லாம் காலா, மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கூட இருந்த மனை வியாபாரி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது விளையாட்டில்லை. தெற்கு என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம். தெற்குப் பார்த்த மனையை ஒருவன் தலையில் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது" என்றார்.

பையன் கேட்ட கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. நாமும் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லுகின்றோம்.

பூமி ஒரு உருண்டை. உருண்டைக்கு மேல் ஏது, கீழ் ஏது? ஆகாயத்தில் நின்று பார்ப்பவனுக்கு எந்தப் பக்கமும் மேல்தான், எந்தப் பக்கமும் கீழ்தான். 1972ஆம் வருஷம் டிசம்பர் 7ஆம் தேதி அப்போலோ 17 என்னும் விண்கலத்தில் சந்திரனுக்குப் போனவர்கள் வழியில் பூமியைப் படம் பிடித்தார்கள். முழு உருண்டையாகப் பூமி தெரியும் அந்தப் படத்தை உலகமெல்லாம் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். பிடித்தபடியே பார்த்தால் அந்தப் படத்தில் தென்துருவம் மேலே இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதைத் திருப்பி வடக்கை மேலே கொண்டுவந்து வெளியிட்டார்கள். கண்ணால் கண்டதையே திருப்பி வைத்தால்தான் ஜனங்களுக்குச் சரியாகத் தெரியும் என்ற அளவுக்குப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது? கி.பி. 150 சுமாரில் அலெக்ஸாந்திரியாவில் இருந்த தாலமி என்பவர் எழுதிய பூகோள நூலின் முறைப்படி வரைந்த படங்களில் வடக்கு மேலே இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எல்லோரும் அதையே பின்பற்றினார்களா என்றால் இல்லை. ஐரோப்பாவில் பாதிரிமார் வரைந்த படங்களில் கிழக்குதான் மேலே. ஏனென்றால் ஆதாமும் ஏவாளும் இருந்த தோட்டம் கிழக்கே இருக்கிறது என்பது அவர்கள் வேதம். நடுவில் எருசலேம். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்னும் ஊர்த் தேவாலயத்தில் 1300 சுமாரில் வரைந்த அப்படிப்பட்ட படம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது கப்பல் ஓட்டியிருந்தால் அவன் பாறையில் முட்டியிருப்பான்.

அரபிகளோ தெற்கை மேலே வைத்தார்கள். 1154இல் சிசிலித் தீவின் அரசன் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற முஸ்லிம் அறிஞர் செய்து முடித்த உலகப்படம் அக்காலத்தில் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. அதில் தெற்கு மேலே, வடக்கு கீழே. காயல் துறைக்குக் குதிரை கொண்டுவந்து இறக்கிய அரபு வியாபாரிகளில் எவனாவது ஒருவன் அம்மாதிரிப் படத்தைப் பெட்டியில் வைத்திருந்தால், அவனுக்கு அந்தப் பையன் மாட்டிய படம்தான் நேர். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குவதுதான் தலைகீழ்.

சீனர்களைக் கேட்டால் காந்த ஊசி வடக்கைக் காட்டுகிறது என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே தெற்கைக் காட்டும் ஊசி. ஊசிக்கு இரண்டு முனை உண்டு. ஒன்று வடக்கே நின்றால் மற்றொன்று தெற்கேதானே நிற்கும்? எந்த முனையைப் பார்ப்பது என்பது பார்ப்பவன் இஷ்டம். இன்னொன்றும் கேளுங்கள். சீனாவில் மனை சாஸ்திரம் பார்ப்பவர்கள் தெற்குப் பார்த்த வீடுதான் யோகம் என்று சொல்லி அதற்கு அதிக விலை வாங்குகிறார்கள். இங்கே தெற்கு எமன் திசை; அங்கே அதிர்ஷ்ட திசை. எமன் சீனாவுக்குப் போகும்போது மட்டும் வேலையை ராஜிநாமாச் செய்துவிடுகிறானா?

தமிழனையே எடுத்துக்கொள்ளுவோம். அவனுக்கு மேல் எது? அவன் வாயிலேயே பதில் இருக்கிறது. மேற்கு என்ற சொல்லில் இருப்பது மேல். கிழக்கு என்ற சொல்லில் இருப்பது கீழ். ஏன்? இந்த நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல். பொதிகையில் புறப்பட்ட தண்ணீர் அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கீழே இறங்கிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. மேட்டுப் பக்கம் மேற்கு, பள்ளத்துப் பக்கம் கிழக்கு. ஆகவே தமிழ் பேசும் உழவனுக்குத் தேசப்படம் போடத் தெரிந்திருந்தால் மேற்கை மேலே வைத்துத்தான் போட்டிருப்பான். கடலோரத்தில் வாழ்பவன் இதற்கு மேல் காற்றுகளுக்கும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பேர் வைத்துத் திசையை மூக்கால் அறிந்தான். இந்த ஏற்பாடுகளில் புத்தி இருக்கிறது. எவனும் கனவு கண்டு எழுதியதில்லை. மண்ணைப் பார்த்தும் தண்ணீரைப் பார்த்தும் வைத்த பெயர்கள்.

நிற்க, நம் நாட்டில் படித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் வைத்திருந்த பூகோளத்தையும் கொஞ்சம் பார்ப்போம். நடுவே மேருமலை. அதைச் சுற்றி ஜம்புத்தீவு. அதைச் சுற்றி உப்புக்கடல். அதற்கப்புறம் ஒரு தீவு, பிறகு கருப்பஞ்சாற்றுக் கடல். பிறகு கள்ளுக்கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், கடைசியில் நல்ல தண்ணீர்க் கடல். ஏழு தீவு, ஏழு கடல். இது ஏதோ கிழவி சொன்ன கதை அல்ல. விஷ்ணு புராணம் முதலிய புராணங்களில் அளவு கணக்குகளோடு எழுதி வைத்து, இன்றும் கதாகாலட்சேபம் செய்யப்படும் பூகோளம்.

காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏறியவர்கள். இலங்கைக்குப் போனார்கள், மலாக்காவுக்குப் போனார்கள், பர்மாவுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் உப்புத் தண்ணீரைத்தான் கண்டார்கள். ஒரு செம்புத் தயிராவது, ஒரு கலயம் நெய்யாவது கடலில் மொண்டு வந்தவன் ஒருவனும் இல்லை. அப்படி இருக்க, தயிர்க்கடலைக் கண்டு வந்து எழுதியவன் யார்? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. கடல் தாண்டிப் போவது ஜாதியைக் கெடுக்கும் பாபம் என்று போதாயன தர்ம சூத்திரம் சொல்லுகிறது. கடற்பிரயாணம் செய்தவனைத் திவசத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று மனு சொல்லுகிறார். கடலில் கால் வைக்கக்கூடாதென்று சட்டம் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கடலுக்குக் கணக்கு எழுதினார்கள். கடலிலேயே பிறந்து கடலிலேயே செத்தவர்கள் கையில் எழுத்தாணியை யாரும் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பண்டிதர் எழுந்து, "ஆரியபட்டர் 499ஆம் வருஷத்திலேயே பூமி உருண்டை, அது சுழலுகிறது என்று சொல்லவில்லையா?" என்பார். சொன்னார், மறுக்கவில்லை. மிகவும் நல்ல மூளை. நமது கேள்வியெல்லாம், அவர் சொன்னபின் தயிர்க்கடலை எடுத்துவிட்டீர்களா என்பதுதான். பஞ்சாங்கம் கணிப்பதற்கு உருண்டைப் பூமி, பிரசங்கம் செய்வதற்குத் தட்டைப் பூமி என்று இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து ஆயிரத்தைந்நூறு வருஷம் பிழைத்தது எப்படி என்பதற்கு அந்தப் பண்டிதரே பதில் சொல்லட்டும்.

கடலோடிகளுக்கு எழுத்தாணி இல்லை என்றோம். ஆனால் அவர்களிடம் படம் இல்லாமலில்லை. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் ராப்பலகை என்று ஒரு சிறு பலகை வைத்திருந்தார்கள். பலகையின் நடுவில் ஒரு துளை, துளையில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். இரவில் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முன்னே நீட்டுவான். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட வேண்டும். மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். எந்த முடிச்சைக் கடிக்கும்போது இரண்டும் பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறைக்கு நேராகக் கப்பல் வந்துவிட்டது என்று அர்த்தம். காயல்பட்டினத்தில் இன்று துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குமேல் சுமார் எட்டரை டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னைக்குப் போனால் பதின்மூன்றுக்கு ஏறிவிடும். நட்சத்திரம் தாழத் தாழ முகத்துக்கும் பலகைக்கும் இடையே கயிறு நீளவேண்டும். ஒரு முழக் கயிற்றில் ஒரு கரை முழுவதும் அடங்கியிருந்தது. இதில் மந்திரமில்லை, நல்ல நேரமில்லை, எமனில்லை, குபேரனில்லை. முடிச்சு தப்பானால் கப்பல் தப்பான ஊருக்குப் போகும். அப்போது முடிச்சைத்தான் திருத்துவார்கள், கடலைத் திட்டமாட்டார்கள்.

அப்படித் திருத்த வேண்டிய அவசியம் இந்தக் கரைக்கு நிறையவே வந்திருக்கிறது. தாலமி தம் நூலில் குறித்த கொல்கோய் என்னும் முத்துத்துறை நமது கொற்கைதான். மன்னார் வளைகுடாவுக்கே அக்காலத்துக் கிரேக்கர் அந்தப் பேரை வைத்து அழைத்தார்கள். இன்று கொற்கைக்குப் போனால் கடல் எங்கே என்று கேட்க வேண்டும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் சில மைல் தள்ளிப் போய்விட்டது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 1292 சுமாரில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து தங்கும் பெரிய பட்டணமென்று எழுதிய காயல் அது. பிறகு அந்தத் துறையும் தூர்ந்தது.

இதில் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. மார்க்கோ போலோ கண்ட காயல் எது? 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் பாதிரியார் அது பழையகாயல்தான் என்று தீர்ப்புச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர்கள் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளுவதில்லை. எங்கள் ஊர்தான் அது என்று இன்றும் வாதாடுகிறார்கள். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று ஆற்றுமுகத்தைச் சுற்றிலும் மூன்று காயல்கள் இருக்கும்போது, படத்தில் ஒரு புள்ளியை வைத்து ஒரு பேரை எழுதியவனுக்கு எந்தக் காயல் என்பது முக்கியமாக இருந்திராது. நமக்கு இதில் கட்சி கிடையாது. நாம் சொல்லுவது இவ்வளவே: ஆறும் கடலும் ஊரை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன, மனிதன் படத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறான். மேருமலைப் படத்தை மட்டும் ஒருவரும் திருத்தவில்லை. ஏனென்றால் அதைக் கொண்டு எவனும் எங்கும் போகவில்லை.

இனி வடக்கு எப்படி மறுபடியும் மேலே வந்தது என்ற சங்கதிக்கு வருவோம். தாலமியின் நூல் பதினைந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லத்தீன் பாஷையில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. கூடவே காந்த ஊசியும் துருவ நட்சத்திரமும் மாலுமிகளுக்கு வடக்கையே பிடித்து நிற்கும்படி செய்தன. 1569இல் மெர்காட்டர் என்பவர் போட்ட உலகப்படம் வந்தபின் வடக்கு மேலே என்பது கல்லில் செதுக்கியதுபோல் ஆகிவிட்டது. அந்த மெர்காட்டர் படம் மாலுமிகளுக்காகவே போட்டது. அதில் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு நேர்கோடு போட்டு, ஊசியை அந்தக் கோணத்தில் வைத்துக் கப்பலை விட்டால் போய்ச் சேரலாம். மிகவும் உபயோகமான தந்திரம். ஆனால் உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டுமானால் எங்காவது இழுத்துத்தானே ஆகவேண்டும்? அவர் துருவப் பக்கங்களை இழுத்தார். அறுபதாவது டிகிரியில் உள்ள தேசம் அந்தப் படத்தில் நீளம் இரட்டிப்பாகவும், விஸ்தீரணம் நாலு மடங்காகவும் தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம்மைப் போன்றவர்கள் உள்ளபடியே நிற்போம்.

மாலுமிக்கு இதனால் நஷ்டமில்லை. அவனுக்கு வேண்டியது வழி. நஷ்டம் எங்கே வந்ததென்றால், கப்பலில் இருக்க வேண்டிய படத்தைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியபோது வந்தது. கிரீன்லாந்து என்னும் பனிக்காடு அதில் ஆப்பிரிக்கா அளவு தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினாலு மடங்கு. நமது இந்தியாவே கிரீன்லாந்தைப்போல் ஒன்றரை மடங்கு. படத்தைப் பார்த்தவன் நம்புவானா? நூறு வருஷத்துக்கு மேல் நமது பிள்ளைகள் ஐரோப்பாவைப் பெரிதாகவும் தங்களைச் சிறிதாகவும் பார்த்துப் பார்த்து வளர்ந்தார்கள். இதைத் திருத்தவேண்டுமென்று 1973இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு படத்தோடு கிளம்பிப் பெரிய சண்டை போட்டார். 2018இல் விஸ்தீரணம் கெடாத வேறொரு படம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பே மெர்காட்டர் படத்தை விட்டுவிட வேண்டுமென்ற கிளர்ச்சியை ஆதரித்துவிட்டது. நம்மூரில் அந்தப் பேச்சே எழவில்லை.

வடக்கு தெற்கு இப்படி என்றால், கிழக்கு மேற்கை எங்கிருந்து எண்ணுவது? வடக்கு தெற்குக்காவது பூமத்திய ரேகை என்று இயற்கையான ஒரு நடு உண்டு. கிழக்கு மேற்குக்கு அதுவும் இல்லை. எந்த ஊரையும் பூஜ்யமாக வைத்து எண்ணலாம். நம்முடைய சித்தாந்த ஜோதிடர்கள் உஜ்ஜயினி வழியாக ஒரு கோடு போட்டு, அது பூமத்திய ரேகையைத் தொடும் இடத்தை இலங்கை என்று பெயரிட்டு எண்ணினார்கள். அந்த இலங்கை இன்றைய இலங்கைத் தீவு அல்ல. அந்த இடத்தில் இருப்பது நடுக்கடல். பிரெஞ்சுக்காரன் பாரிஸிலிருந்து எண்ணினான், ஆங்கிலேயன் கிரீன்விச்சிலிருந்து எண்ணினான். 1884 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் 25 தேசத்துப் பிரதிநிதிகள் கூடி ஓட்டெடுத்தார்கள். கிரீன்விச்சுக்கு ஆதரவாக 22 ஓட்டு, எதிராக ஒன்று, பிரான்சும் பிரேசிலும் வாய் திறக்கவில்லை. ஓட்டில் ஜெயித்த கோடுதான் இன்றைய பூஜ்யக் கோடு. பிரான்சுக்கு வந்த ரோஷத்தைக் கேளுங்கள்: 1911இல் வழிக்கு வந்தபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பேரை எழுதாமல், பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடியைக் குறைத்துக்கொள்ளவும் என்று எழுதிக்கொண்டார்கள்!

இந்தக் கோட்டைக் கொண்டுதான் நமது கடிகாரமும் ஓடுகிறது. முன்பு இந்தப் பக்கத்து ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. 1906 முதல் இந்தியா முழுவதுக்கும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் என்று வைத்தார்கள். சென்னைக் கடிகாரம் சுமார் 9 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டது. யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில், இன்னும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். இப்போது நாட்காட்டியைக் கிழித்துப் பாருங்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே அச்சு. காயல்பட்டினத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டே காலுக்குமேல்தான். ராகு ஆகாயத்தில் இருப்பவனானால் அவன் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறான்? 1906இல் 9 நிமிஷம் தள்ளி வந்தானா? யுத்தத்தில் சர்க்கார் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து ஒரு மணி முன்னதாக எழுந்தானா? சூரிய உதயத்திலிருந்துதான் கணக்கிட வேண்டுமென்று கெட்டிக்கார ஜோசியர் சிலர் சொல்லுவார்கள். சரி, அப்படியானால் நாட்காட்டியில் அச்சடித்ததைப் பார்த்துக் கடை திறக்காமல் வாசலில் காத்துக்கிடக்கும் லட்சக்கணக்கான பேரிடம் அது தப்பு என்று ஏன் ஒரு நாளாவது சொல்லவில்லை?

சூலம் என்பதும் இந்த வகைதான். வியாழக்கிழமை தெற்கே சூலமாம், போகக்கூடாதாம். 1923 முதல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் போகிறது. ஆறுமுகநேரி தாண்டிக் காயல்பட்டினம் வழியாகத் தெற்கேதான் போகிறது. வியாழக்கிழமையும் போகிறது. அதில் அர்ச்சகரும் ஜோசியரும் டிக்கெட் வாங்கி ஏறுகிறார்கள்.

எட்டுத் திசைக்கும் எட்டு அதிகாரிகளை நியமித்திருக்கிறார்களே, அந்த ஜாபிதாவைக் காயல்பட்டினத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தண்ணீருக்கு அதிபதியான வருணன் மேற்கே. இந்த ஊருக்குக் கடலோ கிழக்கே. பணத்துக்கு அதிபதியான குபேரன் வடக்கே. இந்த ஊருக்குப் பணம் வந்ததெல்லாம் கிழக்கே முத்துச் சலாபத்திலும் கப்பலிலும். இதே ஊர் முஸ்லிம்கள் தொழும்போது மேற்குப் பக்கம் திரும்புகிறார்கள் என்றால், அது மக்கா இருக்கும் பக்கம் என்பதற்காகவே. மொராக்கோவில் இருப்பவன் அதற்காகக் கிழக்கே திரும்புகிறான். ஒரு இடத்தை நோக்குவதுதான் கணக்கு, மேற்கு என்பதற்கே ஒரு மகிமை இல்லை. நமது வாஸ்துக்காரரோ ஈசானிய மூலை, கன்னி மூலை, அக்கினி மூலை என்று உலகத்துக்கெல்லாம் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜாவாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய தமிழனுக்கும் அதையே விற்கிறார். சிட்னியில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா? நல்ல கிணற்றைத் தூர்த்து, நல்ல சுவரை இடித்து, கடன் வாங்கி வாசலை மாற்றி வைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கடனை எந்த மூலை தீர்த்தது?

இதுவரை சொன்னதில் பணநஷ்டமும் புத்திநஷ்டமும்தான். படத்தில் போட்ட கோடு மனிதனையே கட்டிப்போட்ட சங்கதி இனிமேல்தான் இருக்கிறது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி லாம்ப்டன் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணத்துக்குமேல் முக்கோணமாகக் குமரிமுனை வரையிலும், பிறகு வடக்கே இமயமலை வரையிலும் அளந்தார்கள். தென்பக்கத்துச் சமவெளியில் பனையும் தென்னையும் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களின்மேல் ஏறி நின்று அளந்தார்கள். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின்மேல் அரை டன் கனமுள்ள அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. லாம்ப்டன் கோபிக்கவுமில்லை, பரிகாரம் செய்யவுமில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதை நிமிர்த்தினார். கோபுரத்தினால் நாட்டுக்கு ஏற்பட்ட உபயோகங்களில் இதையும் சேர்த்துக்கொள்ள ஆக்ஷேபணை இல்லை.

அந்தப் பெரிய அளவை ஒரு பக்கம். வரி வாங்குவதற்காக ஊர் ஊராகச் சங்கிலி பிடித்த நில அளவை மற்றொரு பக்கம். இந்த இரண்டாவதில்தான் விஷம் இருக்கிறது. அளக்க வந்தவன் ஊரைக் கண்டபடியே எழுதினான். அவன் கண்டது என்ன? மேட்டில் ஊர், தண்ணீர் வடியும் பள்ளத்தில் சேரி. நடுவே ஒரு வயலோ, ஓடையோ. முன்பு இந்தப் பிரிவு மேல்ஜாதிக்காரன் வாயிலும் கம்பிலும் இருந்தது. இப்போது சர்க்கார் படத்தில் ஏறியது: ஊர்நத்தம் வேறு, சேரிநத்தம் வேறு. ஊருக்குத் தெருத்தெருவாகக் கோடு. சேரிக்கு ஒரு வட்டமும் ஒரு பேரும். திண்ணையில் ஒருவன் சொன்னால் அது திமிர்; படத்தில் ஏறிவிட்டால் அது ரிக்கார்டு.

1891இல் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் என்னும் வெள்ளைக்காரர் இதைத்தான் எழுதினார். சேரிக்காரன் குடியிருக்கும் குடிசை மனைக்கும் மிராசுதாரனே பாத்தியம் கொண்டாடி, கூலி கூடக் கேட்டால் மனையை விட்டுக் கிளப்புவேன் என்று பயமுறுத்துகிறான் என்பதை எடுத்துக் காட்டினார். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30இல் சர்க்கார் உத்தரவு பிறந்து, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் வழக்கு நடக்கிறதே, அதுதான். கொடுத்த நிலத்தில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறதென்று கேட்டால், கேட்டவன்தான் பதிலுக்கு அலைய வேண்டும்.

2025 ஏப்ரலில் நமது முதலமைச்சர் சட்டசபையில் எழுந்து, காலனி என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாக ஆகிவிட்டதால் சர்க்கார் ரிக்கார்டுகளிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அது நீக்கப்படும் என்று சொன்னார். நாம் இதை மனமார வரவேற்கின்றோம். சேரி என்பதை மாற்றிக் காலனி என்றார்கள், காலனியும் நாறிப்போயிற்று. பேரை மட்டும் மாற்றிக் கோட்டை அப்படியே வைத்தால் அடுத்து வைக்கும் பேரும் பத்து வருஷத்தில் நாறும். தண்ணீர்க் குழாய் படத்தில் எங்கே நிற்கிறது, தார் ரோடு எந்த எல்லைக் கல்லோடு முடிகிறது, சுடுகாட்டுப் பாதை போட்டிருக்கிறதா இல்லையா என்பதல்லவா விஷயம்? பிணத்தை வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு போகிறவன் பாதை கேட்டால், உத்தியோகஸ்தர் படத்தை விரித்து வைத்து, "இதில் பாதை இல்லையே" என்கிறார். படத்தில் இல்லாததற்கு அந்தப் பிணமா ஜவாப்தாரி? முன்னொரு நாள் சங்கிலி பிடித்தவன் அந்தப் பாதையில் நடக்கவில்லை. நடந்தவனை அழைத்துக் கேட்கவுமில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆகவே தோழர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்லுகின்றோம். உங்கள் ஊர்ப் புலப்படத்தின் நகல் ஒன்றைத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்து வாங்குங்கள். சங்கத்துத் திண்ணையில் விரித்து வையுங்கள். எந்தத் திசையை மேலே வைத்தாலும் சரி. சேரியிலிருந்து நாலு பெரியவர்களையும் நாலு பெண்களையும் கூட்டிவந்து, அவர்கள் தினமும் நடக்கும் வழி, தண்ணீர் எடுக்கும் இடம், பிணம் போகும் வரப்பு, மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் வீடுகள் இவற்றைச் சிவப்பு மையால் அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கிராமசபையில் தீர்மானத்தோடு கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, மற்றொன்றை நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஊர்ப்பேருடன் பிரசுரிப்போம்.

காயல்பட்டினத்துப் பையனின் படம் நாம் புறப்படும் வரையில் அப்படியே தொங்கிற்று. கொழும்புக்காரர் அதன் எதிரே போய் நின்று, குமரிக்கும் இலங்கைக்கும் நடுவே விரலை வைத்து, தாம் போய்வந்த கப்பல் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். எழுத்துக்கள் தலைகீழாக இருந்ததால் சிறிது நேரம் பிடித்தது. வழி அகப்பட்டுவிட்டது.